புளி போட்டு விளக்கிய கேசட்

என்னிடம் இருக்கும் வீடியோ கேம் கேசட்டுகளைப் பார்க்க எப்போதாவது ஆட்கள் வருவதுண்டு. இன்டர்நெட்டில் பழக்கமான பையன்கள். சென்னையிலிருந்து ரயிலேறி வந்து, மலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, நெற்றியில் விபூதியோடு எங்கள் பாத்திரக் கடையின் மாடிக்கு ஏறி வருவார்கள். அலமாரியில் சிவப்பு, கறுப்பு, சாம்பல் என்று பல நிறங்களில் கேசட்டுகள் அடுக்கியிருக்கும். ஆனால் எல்லாரும் முதலில் கை வைப்பது மூலை உடைந்த ஒரு மஞ்சள் கேசட்டில்தான். திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார்கள். பற்கள் போல வரிசையாக இருக்கும் செம்புப் பட்டைகளின் ஓரத்தில் பச்சைக் கறை இன்னும் இருக்கும்.

“ஐயோ, இதை யாருங்க இப்படிப் பண்ணது?”

“எங்க நைனாதான். புளி போட்டு விளக்கினாரு.”

விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் கேசட்டைப் பெட்டியில் சொருகிப் பொத்தானை அழுத்திவிடுவேன். டிவியில் படம் பளிச்சென்று வந்து நிற்கும்.

எங்களுடையது வாடகைப் பாத்திரக் கடை. திருத்தணியில் கல்யாணத்துக்குப் பஞ்சமில்லை. மலைமேல் தாலி கட்டிக் கீழே ஏதாவது ஒரு சத்திரத்தில் சாப்பாடு போடுகிற கூட்டம் ஆந்திரப் பக்கத்திலிருந்தும் வரும். அண்டா, தவலை, தாம்பாளம் எல்லாம் எங்கள் கடையிலிருந்து போகும். போகும்போது தங்கம் மாதிரி போகும், வரும்போது அடுப்புக் கரியோடும் சாம்பார் வாடையோடும் வரும். வந்ததும் எங்கள் அப்பா, அதுதான் நைனா, ஒவ்வொன்றையும் கவிழ்த்துச் சாவிக்கொத்தால் தட்டிப் பார்ப்பார். கணீரென்று ஒலித்தால் நல்லது. சத்தம் கொஞ்சம் பிசிறினால் எங்கோ கீறல் விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த விஷயத்தில் நைனாவைவிட என் அக்கா கெட்டிக்காரி. அவள் உள்ளே வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். வாசலில் நைனா தட்டுவார். “நைனா, அந்தத் தவலையை ஓரமா வையி, அடியில வாய் விட்டிருக்கு” என்று அங்கிருந்தே சொல்வாள். பார்த்தால் முடி அளவுக்கு ஒரு கோடு இருக்கும். பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தவர் முகத்தில் அசடு வழியும். “எம் பொண்ணு காதுல விழுந்துதுன்னா தப்பிக்க முடியாது” என்று நைனா பெருமையடித்துக்கொள்வார். எனக்கு அப்படி ஒரு பெருமையும் இல்லை. என்னைப் பற்றி வீட்டில் சொன்னதெல்லாம் ‘புடிச்சா புடிச்சதுதான், உடும்பு’ என்பது மட்டும்தான்.

அந்த வீடியோ கேம் பெட்டியை அம்மாவின் தம்பி சென்னை பர்மா பஜாரில் வாங்கிவந்து கொடுத்தார். கூடவே ஒரே ஒரு மஞ்சள் கேசட். மேலே ஒட்டியிருந்த படத்தில் ஒரு சிவப்புக் கார் சீறிக்கொண்டு போனது. உள்ளே காரும் இல்லை, ரோடும் இல்லை. நீலச் சட்டைக்காரன் ஒருவனும் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவனும் ஓர் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஒரு கோபுரத்தில் ஏறிப் போனார்கள். அவ்வளவுதான் ஆட்டம். அதன் பெயர் ஏதோ புரியாத எழுத்தில் இருந்தது. நாங்கள் ஏணி ஆட்டம் என்று வைத்துக்கொண்டோம்.

எனக்கு ஆட்டத்தைவிட முதலில் பிடித்தது அந்தக் கேசட்தான். உள்ளங்கையில் வைத்தால் சோப்புக் கட்டிபோலக் கனக்கும். பெட்டியில் வைத்து அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும். அந்த ‘டக்’கில் ஒரு சுகம். படம் ஆடினால் உருவி எடுத்து வாயில் புல்லாங்குழல்போல வைத்து ஊதித் திரும்பச் சொருகுவோம். ஊதினால் ஏன் சரியாகிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் ஊர் முழுக்க ஊதினார்கள். இத்துனூண்டு பிளாஸ்டிக்குக்குள் ஒரு கோபுரமும் இரண்டு ஆட்களும் எப்படி அடங்கியிருக்கிறார்கள் என்று யோசித்து யோசித்து எனக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் ஏறவில்லை.

ஏணி ஆட்டத்தை ஒற்றை ஆளாக ஆட முடியாது. ஒருவர் ஏணியைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் ஏற வேண்டும். பொறுமையில்லாத நான்தான் ஏறுவேன், நான் சிவப்பு. அக்கா நீலம், பிடிப்பாள். ஏணி சறுக்கப் போகும் முன்னால் மெல்லிசாக ‘டுக் டுக்’ என்று ஒரு சத்தம் வரும். திரையில் வேறு எந்த அடையாளமும் இருக்காது. அந்தச் சத்தம் கேட்டதும் பிடிக்கிறவர் பொத்தானை அழுத்தி ஏணியை இறுக்க வேண்டும். விட்டால் இரண்டு பேரும் கீழே விழுந்து முதல் மாடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பின்னால் பாட்டு ஓடும், அதற்கு நடுவில் அந்த ‘டுக் டுக்’ எனக்குப் பாதி நேரம் கேட்கவே கேட்காது. அக்கா ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. அவள் பிடித்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. அக்கா வாயாடி இல்லை. முகத்தைப் பார்த்துக் கேட்டால் எதற்கும் “ஒண்ணுமில்ல” என்பாள். ஆனால் இரண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டு கையில் பொத்தான்களோடு உட்கார்ந்துவிட்டால் தானாகப் பேசுவாள். கல்லூரியில் கணக்கில் பெயிலானதை அப்படித்தான் சொன்னாள். மாப்பிள்ளை போட்டோ வந்த அன்றும் அப்படித்தான், கோபுரத்தின் பாதியில், “மூக்கு பரவால்ல” என்று திரையைப் பார்த்துச் சொன்னாள்.

மாப்பிள்ளைக்கு ஊர் பள்ளிப்பட்டு. வீட்டிலேயே விசைத்தறி வைத்திருந்தார்கள். வைகாசியில் முகூர்த்தம் குறித்ததும் அக்கா சொன்னாள், “கல்யாணத்துக்குள்ள அந்த உச்சிக் கதவைத் தொறந்துடணும்டி.” கோபுரத்தின் உச்சியில் ஒரு கதவு இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும், கீழ் மாடியிலிருந்து அதன் அடிப்பாகம் தெரியும். அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. எனக்கு வெறி பிடித்துவிட்டது. பரீட்சை முடிந்த நாளிலிருந்து பாத்திரம் தேய்க்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஏறினோம்.

அந்தச் சமயம் பார்த்துக் கேசட் மக்கர் செய்தது. படம் கோடு கோடாக உடையும், நடுவில் அப்படியே உறைந்து நிற்கும். ஊதிப் பார்த்தோம், துணியால் துடைத்துப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. நைனா வந்தார். கேசட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்னாடி இது, உள்ள இருக்கிறது செம்பு. கறுத்துப் போயி கெடக்குது. செம்பைப் போயி வாயால ஊதிகினு இருக்கீங்களே!”

எங்கள் வீட்டில் செம்பு கறுத்தால் என்ன செய்வார்கள் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். நைனா ஊறவைத்த புளியில் கல்லுப்பைப் போட்டுப் பிசைந்தார். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை அதில் தோய்த்துக் கேசட்டின் பற்களைத் தேய்தேய் என்று தேய்த்தார். தண்ணீர் ஊற்றி அலசினார். கல்யாணத்துக்காக விளக்கி வைத்திருந்த குத்துவிளக்குக்குப் பக்கத்தில் மாடி வெயிலில் காயவைத்தார். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் பற்கள் தீபாவளி மத்தாப்புபோல மின்னின. சொருகினோம். அப்படி ஒரு படத்தை நாங்கள் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

“எப்படி?” என்று நைனா மீசையை நீவிக்கொண்டார். அன்று உச்சிக்கு முந்தின மாடி வரைக்கும் போய்விட்டோம். அதற்குள் புடவை எடுக்கக் கிளம்பச் சொல்லி அம்மா கத்தினாள். அப்புறம் பந்தல், நலங்கு, சொந்தக்காரர்கள் என்று பொழுது போய்விட்டது. கதவைத் திறக்காமலே அக்கா பள்ளிப்பட்டுக்குப் போனாள்.

அவள் கிளம்பிப் போன ஒரு வாரத்தில் ஆசைக்குச் சொருகிப் பார்த்தேன். திரை வெறும் சாம்பல் நிறத்தில் கண்ணைச் சிமிட்டியது. கேசட்டைத் திருப்பினால் பற்கள் எல்லாம் பச்சை. அலசின பிறகும் புளித்தண்ணீர் உள்ளே இடுக்கில் தங்கி, களிம்பு ஏறிவிட்டது. புளி பட்ட பாத்திரத்தை உடனே ஈரம் போகத் துடைக்காவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் நைனா. பாத்திரத்துக்குள் கையை விட்டுத் துடைத்துவிடலாம், கேசட்டுக்குள் விட முடியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. காட்டியதும் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். “ஈயம் பூசுறவரு ஆடியில வருவாரு இல்ல, அவருகிட்ட குடுத்து ஒரு பூச்சு பூசிட்டா களிம்பே ஏறாது” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கேசட்டைப் பிடுங்கி ஒளித்துவைத்தேன். ஒற்றை ஆளாக ஆட முடியாத ஆட்டம்தானே, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆடி பிறந்ததும் வழக்கம்போலப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்தோம். அக்கா வந்து இறங்கினாள். உடம்பு இளைக்கவில்லை, முகத்தில் அடிபட்ட தடம் எதுவும் இல்லை, கழுத்து நகை கழுத்தில் இருந்தது. அம்மா கண்ணாலேயே அத்தனையையும் சரிபார்த்துவிட்டாள். ஆனால் அக்கா பேசவில்லை. நாலு கேள்விக்கு ஒரு பதில் வந்தது, அதுவும் “ஆங், நல்லாத்தான் இருக்கேன்.” நாங்கள் கூட்டமாக உட்கார்ந்து சிரித்துப் பேசும்போது எழுந்து மாடிக்குப் போய்விடுவாள். சில சமயம் கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டாள். மாமியார் கொடுமையா, அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்கள் பாவா, குடிக்கிறாரா என்று அம்மா சமையலறையில் மூக்கைச் சிந்தினாள். நைனா வாசலில் உட்கார்ந்து ஏற்கெனவே தட்டிப் பார்த்த அண்டாக்களையே திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

எனக்கு அக்காமேல் முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் பயம் வந்தது. ஆடி முடிந்தால் திரும்ப அனுப்பிவிடுவார்கள். எதுவாக இருந்தாலும் அதை இவள் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டே போய்விடுவாள். முகத்தைப் பார்த்துக் கேட்டால் சொல்ல மாட்டாள். டிவியைப் பார்த்துக்கொண்டால் சொல்வாள். ஆகவே கேசட் வேலை செய்தாக வேண்டும், ஆடிக்குள். எனக்கு வேறு வழி தெரியவில்லை, வேறு வழியை நான் தேடவும் இல்லை.

கூடப் படித்தவள் ஒருத்தியிடம் அதே சிவப்புக் கார் படம் போட்ட கேசட் இருந்தது. கெஞ்சி வாங்கிவந்து சொருகினேன். உள்ளே ஒரு தவளை ஈ பிடித்துக்கொண்டிருந்தது. மேலே ஒட்டியிருக்கும் படத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமே கிடையாது என்பது அன்றுதான் புரிந்தது. எங்கள் ஏணி ஆட்டம் உலகத்தில் வேறு எந்தக் கேசட்டில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இருப்பது இந்த ஒன்றுதான்.

பென்சில் அழிக்கிற ரப்பரால் பற்களைத் தேய்த்தேன். பச்சை உதிர்ந்தது. படம் வந்தது, ஆனால் கோபுரம் தலைகீழாகவும் ஆட்கள் துண்டு துண்டாகவும் வந்தார்கள். அம்மாவின் காய்கறிக் கத்தியை இடுக்கில் விட்டு நெம்பினேன், மூலை உடைந்து கேசட் இரண்டாகத் திறந்தது. அவ்வளவு பெரிய கேசட்டுக்குள் கால்வாசிக்குத்தான் பலகை. அதன் நடுவில் தோசைக்கல்லில் சிந்திக் கருகிய மாவுத் துளிபோல ஒரு கறுப்புப் பொட்டு. அதுதான் மொத்தக் கோபுரமும். எனக்கு அதைக் கண்டதும் ஏமாற்றம் வரவில்லை, மரியாதை வந்தது. அந்தப் பொட்டிலிருந்து ஒவ்வொரு பல்லுக்கும் முடி மாதிரி ஒரு செம்புக்கோடு ஓடியது. வெயிலில் வைத்து ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு கோட்டை மட்டும் களிம்பு நடுவில் தின்றுவிட்டிருந்தது.

ஸ்டேஷன் ரோட்டில் டிவி மெக்கானிக் கடை. ஆடிக் கிருத்திகை நெருங்கிவிட்டதால் காவடிக் கூட்டத்தாருடைய மைக்செட்டுகள் அவர் கடையில் கூரை வரைக்கும் குவிந்திருந்தன. பலகையைப் பார்த்தார், பார்க்காத மாதிரியே பார்த்தார்.

“இது வேலைக்கு ஆவாதும்மா. வேற வாங்கிக்க.”

“வேற கிடைக்காதுங்க. இந்த ஒரு கோடுதான் அறுந்திருக்கு. ஒட்டிக் குடுங்க.”

“கிருத்திகை முடிஞ்சி வா, பாக்கலாம்.”

“கிருத்திகை முடிஞ்சா எங்க அக்கா ஊருக்குப் போயிடுவாங்க.”

அக்கா ஊருக்குப் போவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போய் நின்றேன். கடைக்கு வருகிறவர்களுக்கு நான் வழியை அடைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் அலுத்துப்போய், “நான் சாப்புட்டு வர்ற வரைக்கும் அந்த சால்டரிங் அயன் சும்மாதான் கெடக்கும். கையைச் சுட்டுக்கினா என்னைக் கேக்கக்கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கையைச் சுட்டுக்கொண்டேன். மின்வயரிலிருந்து ஓர் இழையைப் பிரித்து, அறுந்த கோட்டின் இரண்டு முனைகளிலும் வைத்து ஈயத்தை உருக்கினேன். முதல் தடவை பக்கத்துக் கோட்டோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். புகை மூக்கில் ஏறியது. எங்கள் முற்றத்தில் ஆடிதோறும் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும்போது ஏறுகிற அதே புகைபோல இருந்தது. ஈயம் பூசச் சொன்ன நைனாவைப் பார்த்துச் சிரித்தேனே என்று நினைத்து, தனியாக உட்கார்ந்து இன்னொரு தடவை சிரித்தேன்.

வீட்டுக்கு ஓடினேன். கேசட்டை ரப்பர்பேண்டு போட்டுக் கட்டிச் சொருகினேன். கோபுரம் நிமிர்ந்து நின்றது. மாடியிலிருந்த அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து உட்காரவைத்தேன். திரையைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த ஆடியில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஏறினேன். ஏணி சறுக்கியது, இரண்டு பேரும் விழுந்தோம். பழக்கம் விட்டுப்போச்சு என்று திரும்ப ஏறினேன். திரும்பவும் விழுந்தோம். முதல் மாடியைக்கூடத் தாண்ட முடியவில்லை.

“என்னாக்கா, தூங்கினு இருக்கியா?”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஆட்டத்தில் நான் ஏறாமல் நின்று கவனித்தேன். ‘டுக் டுக்’ வந்தது. எனக்கே தெளிவாகக் கேட்டது. அக்காவின் விரல் பொத்தானின் மேல் இருந்தது, ஆனால் அசையவில்லை. டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். இந்த முறை அவள் தலையைச் சாய்த்து வலது காதை டிவிப் பக்கமாகத் திருப்பினாள், ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காத ரேடியோவைத் திருகுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக. அப்போதும் விரல் தாமதமாகத்தான் அழுத்தியது. நான் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். திரையைப் பார்த்துக்கொண்டே, உதட்டை அசைக்காமல், மெல்ல “அக்கா” என்றேன். அவள் திரும்பவில்லை. எழுந்து அவளுடைய வலது பக்கம் போய் உட்கார்ந்து இன்னும் மெல்லக் கூப்பிட்டேன்.

அவள் திரும்பவில்லை, ஆனால் கேட்டிருந்தது. திரையைப் பார்த்தபடியே சொன்னாள். “இந்தப் பக்கம் மட்டும்தான்டி கேக்குது. அதுவும் கொஞ்சம்தான்.”

சிவப்புச் சட்டைக்காரனும் நீலச் சட்டைக்காரனும் அப்படியே நின்றுகொண்டிருக்க, அவள் சொல்லிக்கொண்டே போனாள். பள்ளிப்பட்டுக்குப் போன கொஞ்ச நாளில் சளி பிடித்துக் காதுவலி வந்ததாம். சீழ் வடிந்ததாம். வலி நின்றதும் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட்டாள். அந்த வீட்டில் விடிந்ததிலிருந்து தறி ஓடும். கூடத்திலேயே ஓடும். எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள், பாதிக்குக் கையால் ஜாடை காட்டுவார்கள். யாருக்கு என்ன கேட்கிறது என்று யாருக்குத் தெரியும்? அவளுக்கே தெரியவில்லை. ஆடிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, தறிச் சத்தம் இல்லாத இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் பயந்துபோயிருக்கிறாள். அம்மா வாய் அசைவதுதான் தெரிகிறது. நைனா வாசலில் பாத்திரம் தட்டுகிறார், கை அசைவதுதான் தெரிகிறது.

“வெளியே தெரிஞ்சா, செவிட்டுப் பொண்ணை ஏமாத்திக் கட்டிவெச்சிட்டாங்கன்னு நைனாவைத்தானே பேசுவாங்க. நீ யாருகிட்டயும் சொல்லாத.”

சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. நைனா எங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. கையில் ஈயம் பூசக் கொண்டுபோன பித்தளைச் சொம்பு இருந்தது. அவர் அக்காவின் இடது காதுக்குப் பின்னால் சொம்பைப் பிடித்துச் சாவியால் தட்டினார். கணீரென்று அடித்தது, எனக்குக் காது கூசியது. அக்கா திரும்பவில்லை. இன்னொரு தடவை தட்டினார். அப்புறம் சொம்பைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, டிவித் திரையைப் பார்த்தபடி அழுதார். நைனா அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவரைப் பார்த்து அக்காவும் அழுதாள். எனக்கு அழத் தோன்றவில்லை. கேசட்டையே சரிசெய்துவிட்டேன், இதை விட்டுவிடுவேனா என்றுதான் தோன்றியது.

மறுநாள் அரக்கோணத்தில் காது டாக்டரிடம் போனோம். செவிப்பறையில் ஓட்டை, கவனிக்காமல் விட்டதில் உள்ளே இன்னும் சீழ், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார். மருந்து கொடுத்தார். காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது, ஆறுகிற வரைக்கும் தறி ஓடுகிற வீட்டில் இருக்கவே கூடாது என்றார். நைனா பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வராமல் நேராகப் பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஏறினார். “பேசுறவங்க பேசிட்டுப் போகட்டும். எம் பொண்ணு காதுதான் எனக்குப் பெரிசு” என்று மட்டும் சொன்னார்.

சம்பந்தி வீட்டில் பேச்சு எழாமல் இல்லை. “முன்னாடியே இருந்த கோளாறா?” என்று மாமியார் கேட்டாராம். பாவாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் அவரும் கூட வந்தார். டாக்டர் கேட்டதற்கெல்லாம் மைதானத்தில் பேசுவதுபோல உரக்கப் பதில் சொன்னார். டாக்டர் சந்தேகப்பட்டு அவருடைய காதையும் சோதித்தார். சின்ன வயதிலிருந்து தறிக்குப் பக்கத்திலேயே வளர்ந்ததில் அவருக்குத்தான் அக்காவைவிடக் கேட்பது குறைந்திருந்தது. அக்கா காதாவது ஆறும், இது ஆறாது என்றார் டாக்டர். பாவா வெளியே வந்து வேப்பமரத்தடியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, “அடுத்த தெருவுல ஒரு வீடு பாக்கறேன். தறி அங்க, நாம இங்க” என்றார். வழக்கமான குரலில் கத்தித்தான் சொன்னார், ஆனால் அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஆடி முடிந்தும் அக்கா எங்களோடு இருந்தாள். தெருவில் கேட்டவர்களுக்கு அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நைனா எல்லாம் சொன்னார். அவள் காது ஆறும்வரை நான் கேசட்டைத் தொடவில்லை. அந்த நாட்களில்தான் இந்தப் பைத்தியம் எனக்கு முழுசாகப் பிடித்தது. யார் வீட்டிலாவது ஓடாத கேசட் இருந்தால் கேட்டு வாங்கித் திறந்து பார்ப்பேன். எதில் மண், எதில் துரு, எதில் கரப்பான் முட்டை என்று கண்டுபிடித்துச் சரிசெய்வேன். பின்னால் கடையை நான் பார்த்துக்கொள்ள ஆரம்பித்ததும் சென்னைக்குச் சரக்கெடுக்கப் போகிற சாக்கில் மூர் மார்க்கெட்டில் கேசட் தேடினேன். வேறெவரும் சீந்தாத செத்த கேசட்டுகளாகப் பார்த்துத்தான் எடுப்பேன். ‘டக்’ என்று உட்கார்ந்து படம் வருகிற அந்த ஒரு நொடிக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குனிந்து உட்கார்ந்திருப்பேன். என் அலமாரியில் உயிர் வராத கேசட் ஒன்றுகூட இல்லை.

அந்த வருடம் அக்காவுக்குத் தலை தீபாவளி. பாவா வேட்டி பளபளக்க வந்தார். வெடிச் சத்தம் அக்காவின் காதுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவளுக்கும் சேர்த்துப் பாவாவே வாசலில் வெடித்துத் தள்ளினார். அவருக்கென்ன, லட்சுமி வெடிகூட ஊசிப் பட்டாசுபோலத்தான் கேட்டிருக்கும். நாங்கள் கதவு ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு உள்ளே டிவி முன்னால் உட்கார்ந்தோம். அவளாகவே கேட்டாள், “அந்தக் கார் கேசட்டை எடுடி.”

டிவிச் சத்தத்தைக் கூட்டப் போனேன். “வேணாம், இருக்கட்டும்” என்றாள்.

ஏறினேன். முதல் மாடியில் ‘டுக் டுக்’. அவள் விரல் அழுத்தியது, ஏணி நின்றது. அடுத்த மாடி, அதற்கடுத்த மாடி. வாசலில் சரம் வெடித்துக்கொண்டிருந்தபோதும் அழுத்தினாள், ஏணி நின்றது. உச்சி மாடிக்கு வந்துவிட்டோம். கதவு முழுசாகத் தெரிந்தது. அங்கே மட்டும் ஆள் மாறும் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. அக்கா ஏற வேண்டும், நான் பிடிக்க வேண்டும். அவளுடைய நீலச் சட்டைக்காரன் ஏணியில் கால் வைத்தான்.

நான் திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, தலையை எந்தப் பக்கமும் சாய்க்காமல், நேராக உட்கார்ந்து ஏறிக்கொண்டிருந்தாள். ஏணி சறுக்கியது. நீலம், சிவப்பு, ஏணி எல்லாம் கோபுரத்தின் உச்சியிலிருந்து தரை வரைக்கும் விழுந்தன.

அக்கா என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

“அத்தினி சத்தமா டுக்கு டுக்குன்னு அடிக்குது, காது கேக்கல உனக்கு?”